சாணி கேட்ட மருமகள்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதிலே உட்காருங்க.

நீங்க கேட்டது நல்லாக் காதில் விழுந்தது. வயசுதான் ஆச்சே தவிர காதுக்கு ஒன்றும் ஆகலை. மூணாவது வீட்டில் வெடிக்கிறது கடுகா, மிளகாய் வத்தலா என்று இங்கே இருந்தே சொல்லுவேன். "தொட்டியிலே ப்ளீச்சிங் பவுடர் கொட்டப் போறது உங்க மருமகளுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" அதுதானே உங்க கேள்வி? தெரியும் என்று நான் சொன்னால் அவள் கதை முடிஞ்சது. தெரியாது என்று சொன்னால், புதுசா ப்ளாண்டை எடுத்திருக்கிற உங்க கம்பெனி அவளைக் கூப்பிட்டு மறுபடி வேலையில் வைக்கும். இந்த ஒரு வார்த்தைக்காகத் திருநெல்வேலியில் இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க.

சொல்லுதேன். சொல்லாமல் எங்கே போகப் போறேன். ஆனால் ஒற்றை வார்த்தையில் சொல்லு என்றால் நான் என்ன கோர்ட்டுக் கூண்டிலேயா நிற்கேன்? என் வீட்டுக் கூடத்தில் இருக்கேன். நடந்ததைக் கேளுங்க. கேட்டுவிட்டு யார் மேலே தப்பு என்று நீங்களே சொல்லுங்க. இந்த ஊரில் நியாயம் பேச நாதி இல்லை.

முதலில் ஒன்று தெரிஞ்சுக்கிடுங்க. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணுகிற அந்த ப்ளாண்ட் இந்த நாவல்துறை ஊருக்கு வந்ததே இந்தச் சண்முகவடிவாலேதான். வாசலில் நீலப் பலகையில் நீளமா ஒரு பேர் எழுதியிருக்கும், நான் மூணாம் கிளாஸோடு நின்னவள், அதை எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ளே விடிஞ்சிரும். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற சுவர், தொட்டி, மோட்டார் எல்லாம் நான் சண்டை போட்டு வாங்கினது. ஆற்றங்கரைத் தெரு வார்டுக்கு நான்தான் மெம்பர். இப்போதும் நான்தான்.

அதுக்கு முன்னால் எங்கள் நாணலாறு எப்படி இருந்தது தெரியுமா? ஊர்ச் சாக்கடை மொத்தமும் வந்து விழுகிற இடம் பொம்பளைப் படித்துறைக்கு நேர் மேலே. ஆம்பளைப் படித்துறை மேற்கே, மேட்டில். அங்கே நல்ல தண்ணி. சாக்கடை கலக்கிறதுக்கு முன்னாலேயே அவர்கள் குளிச்சுக் கரையேறிருவார்கள். அதனால் எந்த ஆம்பளைக்கும் அவசரம் இல்லை. எங்களுக்குக் குளிச்சுட்டு வந்தால் உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வீங்கும். தலைமுடி ஈரம் காய்ந்தாலும் நாற்றம் காயாது. மீட்டிங்கில் சொன்னால் சேர்மன் சிரிப்பார். "ஆறுன்னா அப்படி இப்படித்தான் இருக்கும் மெம்பரம்மா."

நான் என்ன செய்தேன், கடையில் ஒரு புது மல்லு வேட்டி வாங்கினேன். பொம்பளைப் படித்துறைத் தண்ணியில் நனைச்சு, அலசி, காயப்போட்டு, மடிச்சு, இஸ்திரி போட்டேன். அவருக்குப் பிறந்தநாள் விழா வந்தது. எல்லாரும் பொன்னாடை போட்டார்கள். நான் மேடையேறி அந்த வேட்டியைத் தோளில் போட்டேன். போட்டு மைக்கிலே சொன்னேன், "சேர்மன் இதைக் கட்டிக்கிட்டு ஒரு நாள் முழுக்க இருக்கணும், இது எங்க படித்துறைப் பிரசாதம்." அவர் கழுத்துக்குப் பக்கத்தில் வேட்டி வந்ததும் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடிப் போச்சு. அடுத்த மாசம் ப்ளாண்டுக்குத் தீர்மானம் போட்டார்கள். இதெல்லாம் இப்போ யாருக்கு ஞாபகம் இருக்கு? சாணி மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

சாணிக்கு வாரேன். இருங்க.

ப்ளாண்ட் வந்தது. ஒரு மழைக்காலம் போச்சு, ஆறு தெளிஞ்சது. பொம்பளைப் படித்துறையில் நின்னால் அயிரை மீன் வந்து காலைக் கடிக்கும். கூச்சம் தாங்காமல் கிழவிகள் எல்லாம் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார்கள். அங்கே வேலைக்கு வந்தவள்தான் ஆவுடைச்செல்வி. அம்பாசமுத்திரத்துப் பக்கம். கெமிஸ்ட்ரி படிச்சவள். நான் ஒருநாள் ப்ளாண்டைப் பார்க்கப் போனேன். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கிட்டு, தலையில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஒரு கண்ணாடிக் குடுவையை வெயிலில் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு நிற்கிறாள். பொன்னை உரசிப் பார்க்கிற ஆசாரி மாதிரி அவ்வளவு கவனம். அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன், என் மகன் கைலாசத்துக்கு இவள்தான். அவள் அம்மா வீட்டில் முறைப்படி போய்ப் பெண் கேட்டு, நானே எடுத்தேன். ஆக, ப்ளாண்டும் நான் கொண்டு வந்தது, மருமகளும் நான் கொண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து என் தலையிலே மண்ணைப் போட்டிருச்சு.

கொடுமைக்கார மாமியார் என்று யாராவது சொல்லியிருப்பார்களே? பிரமு சொல்லியிருப்பாள். எதிர்வீட்டுக்காரி. அவள் வாய்க்கு ஒரு தொட்டி கட்டினால் தேவலை. நான் என்ன கொடுமை பண்ணினேன்? அவள் வேலை முடிஞ்சு வந்தால் கொல்லைக் குழாயில் குளிச்சுட்டு உள்ளே வா என்பேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், இன்னொரு தடவை கழுவு என்பேன். அப்புறமும் ஒரு தடவை சொல்லியிருப்பேன். ஊர்ப் பீயிலே நின்னுட்டு வருகிறவள், அடுப்படிக்குள்ளே வரணும் இல்லையா? சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்குச் சுத்தம்தான் உயிர்.

அந்தச் சுத்தம்தான் என்னை இந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருக்கு.

ஒருநாள் என்னைத் தொட்டி மேலே கூட்டிக்கிட்டுப் போனாள். பெரிய தொட்டி, அடியில் இருந்து மோட்டார் காற்று ஊதுது, தண்ணி கொதிக்கிற மாதிரிப் புரளுது. நிறத்தைப் பார்த்தேன். பழுப்பு. கருப்பட்டிக் காப்பி நிறம். மேலே நுரை வேற. 

"என்னட்டி இது? சுத்தம் பண்ணுற இடம்னு சொல்லுத, இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"அத்தை, இது அழுக்கு இல்ல. உசிரு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடி கோடியா இருக்கு இதுக்குள்ள. அதுதான் அழுக்கத் தின்னுது. தின்னு தின்னு கனத்து அடியில படியும். மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணி ஆத்துக்குப் போகும். மோந்து பாருங்க, மழை பெஞ்ச மண்ணு வாசம் வரும்."

நான் எதுக்கு மோந்து பார்க்கப் போறேன். பூச்சி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு வேற எதுவும் கேட்கலை. "பூச்சியாட்டி?" என்றேன். "ஆமா அத்தை" என்கிறாள், சிரிச்சுக்கிட்டு. பிள்ளை பெத்தவள் பிள்ளையைக் காட்டுகிற மாதிரிக் காட்டுகிறாள். வீட்டிலே அரிசியில் ஒரு வண்டு இருந்தாலே நான் சாக்கைக் கவிழ்த்துப் புடைக்கிறவள். இவள் தொட்டி நிறையப் பூச்சி வைச்சிருக்கேன் என்று வெளியில் சொல்லுகிறாளே, தேர்தல் நேரத்தில் எவள் காதிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்குப் பதறினது. "இதை வெளிய எவ கிட்டயும் சொல்லாத" என்று சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

அப்போதான் சென்னையில் இருந்து ஒரு பெரிய அதிகாரி வரப்போறார் என்று தகவல் வந்தது. சின்ன ஊரிலே ப்ளாண்ட் இவ்வளவு நல்லா ஓடுதே, இதைப் பார்த்து மற்ற ஊர்க்காரங்களும் கட்டட்டும் என்று காட்டப் போறார்களாம். சேர்மன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், "மெம்பரம்மா, உங்க மருமக பேரு மேடையில வரப் போகுது." எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைச்சுப் பாருங்க. அவள் அம்மா அப்பாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். மேடையில் அவள் கட்ட ஒரு பச்சைப் பட்டு எடுத்து வைச்சேன்.

எங்கள் நகராட்சியில் ஒரு பழக்கம் உண்டு தம்பி, உங்கள் பக்கமும் இருக்கும். யார் பெரிய ஆள் வந்தாலும் முதலில் ப்ளீச்சிங் பவுடர் வந்திரும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுப்பார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கோலம் போடுகிற மாதிரி. சாக்கடை அடைச்சுக் கிடந்தாலும் மேலே வெள்ளையா இருக்கணும். ரோட்டுக்கே அவ்வளவு செய்கிறோம், வருகிற மனுஷன் ரோட்டையா பார்க்கப் போறார்? தொட்டியை அல்லவா பார்க்கப் போறார்? கருப்பட்டி நிறத்துத் தண்ணியும், நுரையும், பூச்சியும். இதையா காட்டுவது? இதுக்கா என் மருமகளுக்குப் பொன்னாடை?

அதனால் மேஸ்திரி அருணாசலத்தைக் கூப்பிட்டேன். துப்புரவு மேஸ்திரி, என்னிடம் மரியாதையா இருப்பான். விழாவுக்கு வந்த பவுடர் மூட்டை எல்லாம் கொட்டகையில் அடுக்கியிருந்தது. பினாயில் கேனும் இருந்தது. "எல்லாத்தையும் ப்ளாண்டுக்கு ஏத்து" என்றேன்.

அவன் தலையைச் சொறிஞ்சான். "அக்கா, மேடம் என்ன சொன்னாங்க?"

"நான் சொல்லுதேன்ல?" என்றேன்.

அன்றைக்கு ஆவுடை ஊரில் இல்லை. தண்ணியைப் பாட்டிலில் பிடிச்சு சோதனைக்குக் கொடுக்கத் திருநெல்வேலி போயிருந்தாள். வாரா வாரம் போகிறதுதான்.

போனில் சொன்னேனா என்று கேட்கிறீங்க. அதுக்குத்தான் வாரேன். நடுவிலே நடுவிலே வெட்டினால் எனக்குக் கோர்வை போயிரும்.

பவுடரைத் தொட்டியில் தட்டினார்கள். பினாயிலை ஊற்றினார்கள். ஊரில் இருந்து சாக்கடை வந்து சேர்கிற பெரிய கிணறு இருக்கே, அதிலேயும் கொட்டச் சொன்னேன். நான் நின்னு பார்த்தேன். கண் எரிஞ்சது, ஆனால் மனசு குளிர்ந்தது. நுரை அடங்கிச்சு. நிறம் வெளுத்துது. மறுநாள் காலையில் அந்த அதிகாரி வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைச்சுக்கிட்டே காரில் இருந்து இறங்கினவர், படியேறினதும் கைக்குட்டையை எடுத்துப் பையில் வைச்சுக்கிட்டார். "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கே" என்றார். என் காதால் கேட்டேன். சேர்மன் என்னைக் காட்டி, "எல்லாம் இந்தம்மா முயற்சி" என்றார். எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

ராத்திரி திரும்பி வந்திருந்த ஆவுடை பக்கத்தில்தான் நின்னாள், பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு. அவள் முகத்தை நான் பார்க்கலை, என்னைச் சுற்றிக் கூட்டம். ஒரு வார்த்தை பேசலை. சபை மரியாதை தெரிஞ்ச பிள்ளை, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். கார் போன பிறகு பட்டுச்சேலையோடே பூட்ஸைப் போட்டுக்கிட்டுத் தொட்டி மேலே ஏறினாள். குடுவையில் மொண்டாள். வெயிலில் பிடிச்சாள். அப்படியே நின்னாள்.

இறங்கி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எத்தனை மூட்டை அத்தை?"

என்ன தம்பி நிமிர்ந்து பார்க்கிறீங்க? மூட்டைக் கணக்குத்தானே கேட்டாள். விஷயம் தெரிஞ்சவளும் கணக்குக் கேட்கலாம், தெரியாதவளும் கேட்கலாம். அவசரப்படாதீங்க.

"எண்ணலையே ஆவுடை. உனக்காகச் செய்யுறப்ப கணக்குப் பாப்பனா?" என்றேன். அவள் குடுவையோடு மறுபடி தொட்டி மேலே ஏறினாள். 

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். உங்கள் கம்பெனி ஃபைலிலும் எழுதியிருக்கும். தொட்டியில் நுரை பொங்கிச் சுவரைத் தாண்டி ரோட்டில் உருண்டது. நாற்றம் என்றால் அழுகின முட்டையை மூக்குக்குள்ளே உடைச்ச மாதிரி. தெளிஞ்ச தண்ணி போகிற வாய்க்காலில் கருப்பாப் போச்சு. பொம்பளைப் படித்துறையில் மீன் வயிற்றைக் காட்டிக்கிட்டு மிதந்தது. அயிரை, கெண்டை, குரவை, எல்லாம். பூச்சி எல்லாம் செத்துப் போச்சு, அழுக்கைத் தின்ன ஆள் இல்லை, வந்த சாக்கடை வந்தபடியே ஆற்றுக்குப் போகுது என்று ஆவுடை சேர்மனிடம் சொன்னாளாம். பூச்சி செத்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். கேட்டது தப்பா? உலகத்தில் எந்த வீட்டிலாவது பூச்சி செத்ததுக்கு ஒப்பாரி வைப்பார்களா?

காலம் வேற கெட்ட காலம். தைப்பூசம் வருது. எங்கள் அம்மன் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு எழுந்தருளணும். பொம்பளைப் படித்துறையில்தான் அம்மனைக் குளிப்பாட்டுவார்கள், அவளும் பொம்பளைதானே. ப்ளாண்ட் வந்த பிறகுதான் அந்த வழக்கத்தையே திரும்ப ஆரம்பிச்சது, அதுவும் நான் கேட்டு. அந்த வருஷம் அம்மன் பல்லக்கில் படித்துறை வரைக்கும் வந்தாள். தண்ணியைப் பார்த்தாள். பூசாரி தண்ணியில் கால் வைக்கலை. ஒரு லாரியில் போர்வெல் தண்ணி கொண்டு வந்து, படிக்கட்டில் அண்டாவை வைச்சு, அதில் அம்மனைக் குளிப்பாட்டினார்கள். லாரி டிரைவர் வண்டியை அணைக்காமலே நின்னான், அவனுக்கு அடுத்த நடை இருக்காம்.

கூட்டத்தில் பிரமு எனக்குப் பின்னால் நின்னாள். மெதுவாத்தான் சொன்னாள், எனக்குக் கேட்கணும் என்றே சொன்னாள். "மெம்பரக்கா, அம்மனுக்கும் ரெண்டு மூடி பினாயில் விட்டுருவமா?"

சுற்றி நின்ன பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். சேர்மனுக்கு நான் வேட்டி போட்ட அன்றைக்குச் சிரித்த அதே வாய்கள். அந்தச் சிரிப்பு இன்னும் இந்தக் காதிலே கிடக்கு தம்பி. நல்ல காது இருக்கிறதும் ஒரு பாவம்தான்.

விசாரணை வைச்சார்கள். நகராட்சி ஹாலில் கமிஷனர், பழைய கம்பெனி ஆள் இரண்டு பேர், சேர்மன், நான், அவள். கமிஷனர் என்னைத்தான் முதலில் கேட்டார், "கொட்டினது ப்ளாண்ட் பொறுப்பாளருக்குத் தெரியுமா?" ஹால் வாசலில் கூட்டம் நிற்குது. பிரமு நிற்கிறாள். நான் எழுந்து நின்னேன். "எங்க வீட்ல எதுவும் கலந்து பேசாம நடக்காது. மாமியாரும் மருமகளும் ஒரே வாய்" என்று சொன்னேன்.

சபையில் வேற எப்படிச் சொல்லுவார்கள்? வீட்டுக்கு வீடு வாசல்படி. நம் வாசல்படியை நாமே பெயர்த்து ஊருக்குக் காட்டுவோமா? அவளுக்கும் அது கௌரவம்தானே. அவளுக்குச் சேர்த்துத்தான் பேசினேன்.

கமிஷனர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, கோபத்துக்குக் கோபம் பதில் சொல்லிரலாம். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். ஆமாம் என்றும் சொல்லலை, இல்லை என்றும் சொல்லலை. பேசாமல் இருந்தால் ஒத்துக்கிட்டதா அர்த்தம் என்று கம்பெனி ஆள் எழுதிக்கிட்டான். சாயங்காலமே வேலை போச்சு.

நான் என்ன, அவள் வாயைப் பொத்தினேனா? அவளுக்கு நாக்கு இல்லையா? இப்போ ஊர் முழுக்க நான்தான் அவள் சோற்றில் மண் அள்ளிப் போட்டேன் என்று பேச்சு.

இனிதான் சாணி.

வேலை போனவள் மறுநாள் என்ன செய்யணும்? வீட்டில் இருக்கணும், அழணும், நான் சமாதானம் சொல்லணும். அதுதானே முறை. நான் அவளுக்குப் பிடிச்ச தேங்காய்ப்பால் கஞ்சி வைச்சு எடுத்துக்கிட்டுப் போறேன், அவள் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வாசலில் நிற்கிறாள். "எங்கட்டி?" "ப்ளாண்டுக்கு அத்தை." "சம்பளம் யாரு குடுப்பா?" "யாரும் குடுக்க மாட்டாங்க. ஆறு போய்க்கிட்டு இருக்கில்ல." வேற ஆள் வரலை, பழைய கம்பெனி பொட்டியைக் கட்டிக்கிட்டு இருக்கு, வாட்ச்மேன் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டுவிட்டான். கமிஷனரும் கண்டும் காணாத மாதிரி இருந்துக்கிட்டார்.

போனவள் திரும்பி வந்து கொல்லையில் நிற்கிறாள். எனக்கு இரண்டு பசு. சாணி குழி நிறையக் கிடக்கு.

"அத்தை, சாணி வேணும். அன்னன்னைக்குப் போடுற பச்சைச் சாணி."

"எதுக்கு?"

"தொட்டியில கரைச்சு ஊத்தணும். செத்த பூச்சி மறுபடி வரணும். பக்கத்து ஊரு ப்ளாண்டுல இருந்து டேங்கர்ல உயிருள்ள சகதி கேட்டிருக்கேன், அது எப்ப வரும்னு தெரியல. அதுவரைக்கும் மாட்டுச் சாணியில இருக்கிற பூச்சியை வச்சுத்தான் ஆரம்பிக்கணும்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சு. நீங்களே சொல்லுங்க தம்பி. நான் மருந்து போட்டேன், அது கெடுதலாம். இவள் சாணியைக் கரைக்கிறாள், அது சுத்தமாம். இது எந்த ஊர் நியாயம்? அதுவும் எந்தச் சாணி? வாசல் தெளிக்கிற சாணி. பிள்ளையார் பிடிச்சு வைக்கிற சாணி. திருநீற்றுக்கு உருண்டை பிடிக்கிற சாணி. அதைக் கொண்டு போய் ஊர்ப் பீயிலே கலக்கவா நான் மாடு வளர்க்கேன்?

"தர மாட்டேன்" என்றேன்.

"சரி அத்தை. வேற வீட்ல கேக்குறேன்."

"கேளு, பாப்போம். எவ தாரா பாப்போம்."

அதுதான் நான் செய்த ஒரே தப்பு. எவளும் தரமாட்டாள் என்று நினைச்சேன். பீயிலே கலக்கச் சாணி தா என்றால் விளக்கமாற்றை எடுப்பார்கள் என்று நினைச்சேன். அவள் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். பிரமு ஒரு கேள்வி கேட்கலை. பக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தாள். "உங்க அத்தைகிட்ட இல்லையாட்டி?" என்று மட்டும் கேட்டாள், எனக்குக் கேட்கிற மாதிரி. அப்புறம் அடுத்த வீடு, அடுத்த வீடு. காலையில் பால் கறந்த கையோடு ஒவ்வொருத்தியும் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு வந்து தள்ளுவண்டியில் கொட்டுகிறாள். அந்த வண்டி தினமும் என் வாசல் வழியாப் போகுது. வேற வழி இருக்கு, வேணும் என்றே என் வாசல் வழியா. தள்ளிக்கிட்டுப் போறது யார்? மேஸ்திரி அருணாசலம். என் பேச்சைக் கேட்டு மூட்டை ஏற்றின அதே ஆள். என்னைக் கண்டதும் மணி அடிக்கிறான்.

ஒருநாள் பார்க்கேன், என் சாணிக் குழியில் அளவு குறைஞ்சிருக்கு. யார் என்று பார்த்தால் என் மகன். பெத்த பிள்ளை, விடியுமுன்னால் எழுந்து என் மாட்டுச் சாணியைத் திருடிப் பொண்டாட்டிக்குக் கொண்டு கொடுக்கான். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அம்மா நகையைத் திருடுவார்கள், அதையாவது வெளியில் சொல்லலாம். நான் கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். "சாணிக்குப் பூட்டுப் போட்ட மெம்பர்" என்று பேர் வைச்சிருக்கிறார்கள் எனக்கு. நான் சாணிக்கா பூட்டினேன்? கதவுக்குப் பூட்டினேன்.

அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு கைலாசம், "அம்மா, நாங்க தனியா இருந்துக்கிடுதோம்" என்றான். அவ்வளவுதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போயிட்டார்கள். போகும்போது அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு வார்த்தை திட்டலை. ஏன் இப்படிச் செஞ்சீங்க என்று ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, மூக்கைச் சிந்தி, ஒரே அடுப்பில் உலை வைச்சிருப்போம். பேசாமல் போறவளை என்ன செய்ய?

பங்குனியில் ஆறு தெளிஞ்சது. டேங்கரும் வந்தது, சாணியும் போச்சு, அவளும் ராப்பகலா அங்கேயே கிடையாக் கிடந்தாள். ஊரில் எல்லாரும் சாணி பண்ணின வேலை என்கிறார்கள். பிரமு வீட்டுச் சாணிக்குச் சிலை வைக்காத குறை. நான் கேட்கேன், பாத்திரத்தில் பழசு ஒட்டியிருந்தால் தேய்ச்சுக் கழுவாமல் புதுப் பால் காய்ச்சுவார்களா? திரிஞ்சு போகாதா? என் பவுடர் பழசை எல்லாம் கழுவிவிட்டதாலேதான் புதுசு பிடிச்சுக்கிட்டது. இதை ஒருத்தராவது சொன்னார்களா?

இப்போ படித்துறையில் பொம்பளைகள் குளிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்குது. நான் போறது இல்லை. நான் படி இறங்கினால் பேச்சு நின்னிருது. வீட்டுக் குழாயில் குளிச்சுக்கிடுதேன். ஆவுடை என்ன செய்கிறாள் தெரியுமா? தண்ணி கேன் கம்பெனியில் மூடி திருகுகிறாள். ஆற்றைப் பார்த்துக்கிட்டிருந்த கை, நாள் பூரா கேனுக்கு மூடி திருகுது. எனக்கு வயிறு எரியுது தம்பி. அவள் மேலேதான் எரியுது. அன்றைக்கு ஹாலில் வாயைத் திறந்திருக்க வேண்டியதுதானே? பெரிய தியாகி.

என்ன, மறுபடியும் அதே கேள்வியா? தெரியுமா, தெரியாதா. நீங்களும் அவளை மாதிரியேதான். பிடிச்சால் பிடி.

அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. இந்த வீட்டுக் கக்கூஸில் நான் ஆசிட் ஊற்றப் போனால் பின்னாலேயே ஓடி வந்து பாட்டிலைப் பிடுங்குகிறவள். "அத்தை, இது எங்க போகும்னு நினைக்கீங்க, என் தொட்டிக்குத்தான் வரும்" என்பாள். துணிக்கு ஒரு சொட்டு ப்ளீச்சிங் கூடுதலா விட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் மூட்டை மூட்டையாப் பவுடர் கொட்டப் போறேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பாளா? கேட்டிலே குறுக்கே படுத்திருப்பாள். அருணாசலம் கையை ஒடிச்சிருப்பாள். அவள் இருந்தால் காரியம் நடக்காது என்றுதானே, திருநெல்வேலி பஸ் கிளம்புகிற வரைக்கும் நான் வாய் திறக்காமல் காத்துக்கிட்டு இருந்தேன். பஸ் முக்குத் திரும்பினதுக்கு அப்புறம்தான் மேஸ்திரியையே கூப்பிட்டேன். அவ்வளவு பிடிவாதம் பிடிச்ச பொம்பளையோடு நான் குடித்தனம் பண்ணியிருக்கேன், அதை யாரும் கேட்க மாட்டேங்கிறீங்க.

என்ன தம்பி, எழுந்துட்டீங்க? காப்பி போடலாம் என்று இருந்தேன்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? கும்பிட வேற செய்கிறீங்க. இருங்க, நான் இன்னும் பேசி முடிக்கலை. நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலையே.

பஸ் ஸ்டாண்ட் அந்தப் பக்கம் இல்லை. அந்த வழி ரயில்வே கேட்டுக்குல்ல போகும்? ஓ. அவள் வீட்டுக்கா. கேட்டைத் தாண்டி இரண்டாவது சந்து, முருங்கை மரம் நிற்கிற வீடு. இந்நேரம் வேலை முடிஞ்சு வந்திருப்பாள். வாசலில் செருப்புக் கிடந்தால் இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் வழி சொன்னேன் என்று சொல்லாதீங்க. கேட்டாள் என்றால், அத்தை கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லலை என்று மட்டும் சொல்லுங்க.